சமூகத்துக்கு ஒதுக்கிய நாற்காலி

ஜன்னல் இடுக்கில் பழைய துண்டைத் திணித்துக்கொண்டிருந்தாள் அவள். கதவுகளை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டாயிற்று. திரைச்சீலைக்கு மேல் ஒரு போர்வையும் தொங்கவிட்டாயிற்று. ஆனாலும் எதிர்ப்புறத்துப் பள்ளிக்கூடத்தின் ஒலிபெருக்கி சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டது. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று ஒருவன் காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றுக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது போலிருந்தது.

கட்டிலில் அப்பாவின் உதடு அசைந்தது.

ஓடிப்போய்க் குனிந்தாள். "என்னப்பா? சொல்லுங்க."

அப்பா மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் வரவேற்புப் பாட்டு வெடித்தது. தண்ணீர்க் குவளைகூட மேசைமேல் அதிர்ந்தது. அவள் காதை அவர் வாயோடு வைத்து அழுத்தினாள். சூடான காற்று மட்டும் வந்தது. சொல் வரவில்லை.

"கேக்கலப்பா. இன்னொரு தடவை."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை என்பது அவருக்கு அவ்வளவு சுலபமில்லை.

டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு மேலே கேட்கும்படி நடத்துனரை அழைத்தே பழகிய தொண்டை அது. அந்தத் தொண்டையில் சில நாளாகப் பேச்சே இல்லை. இன்று காலையில்தான் திடீரென்று கண் தெளிந்து, மகளை மகளென்று அடையாளம் கண்டு, பேச ஆரம்பித்திருந்தார். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸம்மா நாடியைப் பார்த்துவிட்டு அவளை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: "இந்தத் தெளிவை நம்பிடாதீங்க. இன்னிக்கோ நாளைக்கோதான். பேசறப்பவே பேசிடுங்க."

பேசத்தான் அவள் காலையிலிருந்து பாடுபடுகிறாள்.

"நீ போய்ச் சொன்னியா இல்லையாடா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள். தம்பி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தான். படுக்கவைத்தால் மூச்சு அடைத்தது.

"சொன்னேன்கா. வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். அவர் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்தார். குறைக்கிறாங்களாம்."

"குறைச்சிருக்காங்களா?"

"கூட்டித்தான் வெச்சிருக்காங்க."

அவள் தலைமுடியை முடிந்துகொண்டாள். தபால் நிலையக் கவுண்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள். எத்தனை பேர் வந்து கத்தினாலும் பதிலுக்குக் கத்தாதவள் என்று பெயர் எடுத்தவள். "உனக்குக் கோபமே வராதா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். இப்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டு, கழற்றி மறுபடி மாட்டினாள்.

"அப்பாவைப் பாத்துக்கோ. வந்துடறேன்."

தெரு முழுக்க வண்ணக் கொடிகள். பள்ளிக்கூட வாசலில் வீட்டுக் கூரை உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். 'சிறந்த பள்ளி–சமூகக் கூட்டுறவு விருதுக்கான நடுவர் குழுவை வரவேற்கிறோம்.' விஷயம் தெருவுக்கே தெரியும். அக்கம்பக்கத்து மக்களோடு எந்தப் பள்ளி அதிகமாக ஒட்டி உறவாடுகிறதோ அதற்கு விருது. விருதோடு ஒரு மண்டபம் கட்டுமளவுக்கு நிதி. இத்தனை வருஷத்தில் அந்தப் பள்ளி இந்தத் தெருவோடு உறவாடியதெல்லாம், பந்து உள்ளே விழுந்தால் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லி அனுப்பியதுதான்.

வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் கையைப் பிசைந்தான். "நான் சொல்லிட்டேன்மா. கேக்கமாட்டேங்கறாங்க."

"நான் சொல்றேன். வழி விடுங்க."

உள்ளே நாலடி வைப்பதற்குள் ஒரு டீச்சர் ஓடிவந்தார். கையில் தட்டு நிறைய பேட்ஜ்.

"நீங்க இந்தத் தெருவா?"

"எதிர்வீடு. இந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம்—"

"எதிர்வீடா! அப்பாடி, வயித்துல பாலை வார்த்தீங்க. வரேன்னு சொன்ன ஒருத்தரும் வரல." டீச்சர் பேசிக்கொண்டே அவள் தோள்பக்கம் எதையோ குத்திவிட்டார். "வாங்க, வாங்க, உக்காருங்க."

"நான் உக்கார வரல. எங்கப்பாவுக்கு முடியல. சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"அடடா. கண்டிப்பா சொல்லிடறேன். தலைமையாசிரியர்தான் சொல்லணும், அவர் மேடையில இருக்கார். ஒரே ஒரு நிமிஷம். நடுவர்கள் வந்துட்டாங்க பாருங்க, இப்ப குறுக்க போனா நல்லா இருக்காது. ஒரு நிமிஷம்மா, ப்ளீஸ்."

ஒரு நிமிஷம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கவுண்டரில் எத்தனை பேருக்கு அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் மேடைக்குப் போகும் வழியை நடுவர்களும் படம் எடுப்பவர்களும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவள் தோளை அழுத்தினார். அவள் உட்கார்ந்தாள். நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'சமூகம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அந்த வரிசையில் எல்லோரும் நல்ல துணி உடுத்தி, கையை மடியில் கோத்து, ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரைக்கூட அவள் தெருவில் பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் அவள் காதில் கிசுகிசுத்தாள்: "நான் இங்க பியூனோட மச்சினிங்க. அந்தக் கோடியில இருக்கறவர் கேன்டீன்காரர். நீங்க யார் வழி?"

"நான் எதிர்வீடு."

"நிஜமாவா?" அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜ ஆள் யாரும் கிடைக்கலைன்னாங்களே!"

மேடையில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருந்தார். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. வலது கையை நெஞ்சிலேயே வைத்திருந்தார். இந்தப் பள்ளியின் கதவு இந்தத் தெருவுக்கு என்றும் மூடியதில்லை என்றார். பக்கத்து வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் எங்களுக்கு இருட்டிவிடும் என்றார். ஒவ்வொரு வாக்கியமும் ஒலிபெருக்கி வழியே வெளியே போய், தெருவைத் தாண்டி, போர்வை தொங்கும் அந்த ஜன்னலில் மோதுவதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அப்பா இப்போது மறுபடி வாயைத் திறந்திருப்பார். தம்பி குனிந்து, "என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அவள் எழுந்தாள். டீச்சர் கையசைத்து உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அடுத்த வரிசையில் ஒருவர் "மறைக்குதும்மா" என்றார். நகர்ந்து நடுவழிக்கு வந்தாள். நேரே மேடையைப் பார்த்து நடந்தாள்.

தலைமையாசிரியர் அவளைப் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதோ, தானாகவே முன்வருகிறார் நம் அண்டைவீட்டுச் சகோதரி! இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வாங்கம்மா. பள்ளிக்கும் உங்க குடும்பத்துக்கும் இருக்கற உறவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

மைக் அவள் கைக்கு வந்தது. நடுவர்கள் மூவரும் பேனாவைத் திறந்தார்கள்.

"சத்தத்தை நிறுத்துங்க" என்றாள்.

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஆள் மேல ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. எங்கப்பா எதிர்வீட்டுல செத்துக்கிட்டிருக்கார். ஏதோ சொல்லணும்னு தவிக்கிறார். என்ன சொல்றார்னு எனக்குக் கேக்கல. உங்களுக்கு மனுஷங்க வேணும்னா மச்சினியையும் மாமனையும் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுக்கோங்க. எனக்கு அவர் பேசறது கேக்கணும். நிறுத்துங்க!"

தலைமையாசிரியர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அவள் விடவில்லை. "நிறுத்துய்யா!" என்று ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கத்தினாள். அவன் பயந்துபோய் எதையோ பிடுங்கினான். டப்பென்று எல்லாம் அடங்கியது. கொடிகள் காற்றில் படபடப்பது கேட்டது.

மைக்கை மேடையில் போட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குள் அந்த அமைதி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தம்பி அப்பாவை இன்னும் அதே மாதிரி நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தான். ஆனால் அப்பாவின் தலை அவன் தோளில் வேறு மாதிரி சாய்ந்திருந்தது.

"அக்கா" என்றான். பிறகு, "இப்பதான்கா" என்றான்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"உன் குரல் நல்லா கேட்டுச்சுக்கா. அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். உன் குரல்னு தெரிஞ்சுடுச்சு அவருக்கு. அப்புறம் சத்தம் நின்னுச்சு." தம்பி அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "அப்பாடான்னார். அவ்வளவுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"காலையிலேர்ந்து என்னமோ சொல்லிட்டிருந்தாரே. அது?"

தெரியாதென்று தம்பி தலையை ஆட்டினான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், "என்னக்கா அது?" என்று அவள் தோளைக் காட்டினான்.

குனிந்து பார்த்தாள். தங்க நிற விளிம்பு வைத்த பேட்ஜ். 'சமூகப் பிரதிநிதி.' பிடித்து இழுத்தாள். துணி கிழிந்தது. ஊசி விரலில் ஏறியது. அதை அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து, அப்பாவின் தலையை ஏந்திக்கொண்டாள். "நீ எந்திரி. உனக்கு முதுகு வலிக்கும்" என்றாள் தம்பியிடம்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தலைமையாசிரியர் வந்தார். கூடவே பேட்ஜ் டீச்சர். இருவரும் அப்பாவின் காலடியில் தலை குனிந்து நின்றார்கள். தலைமையாசிரியரின் கை அதே இடத்தில், நெஞ்சில் இருந்தது. டீச்சர் அழுதிருந்தார். அவர் அழுகை நிஜமாகத்தான் தெரிந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார் தலைமையாசிரியர். "எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா..."

தம்பி நிமிர்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். தலைமையாசிரியர் அவசரமாகத் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க பேசினது நடுவர்களை உலுக்கிடுச்சு. ஒரு சாதாரணக் குடும்பத்தோட துக்கத்துக்காக இவ்வளவு பெரிய விழாவையே பாதியில நிறுத்தினோமே, அதுதான் உண்மையான கூட்டுறவுன்னு தலைமை நடுவரே சொன்னார். விருது நமக்குத்தான்னு நினைக்கிறேன். நிதி வந்தா கட்டப்போற மண்டபத்துல ஒரு அறைக்கு அப்பா பேரை வெக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம். நீங்க திறப்பு விழா அன்னிக்கு மேடைக்கு வந்து..."

கூடத்தில் யாரோ "நல்ல விஷயம்தானே" என்று முணுமுணுத்தார்கள்.

அவள் கத்தவில்லை. கவுண்டருக்குப் பின்னாலிருந்து பேசுகிற அதே குரலில்தான் பேசினாள்.

"சார், எங்கப்பா காலையிலேர்ந்து என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டிருந்தார். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. தண்ணி கேட்டாரா, எங்கம்மா பேரைச் சொன்னாரா, எங்களைத் திட்டினாரா, எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியாது. உங்க வரவேற்புப் பாட்டு மட்டும் எனக்கு முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். பாடிக் காட்டட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார்.

"நீங்க நிறுத்தல. நான் நிறுத்தினேன். அதை உங்க நடுவர்கிட்ட சொல்லுங்க. சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும். எங்கப்பா பேரை மட்டும் அங்க எழுதினீங்கன்னா சுண்ணாம்பை எடுத்துட்டு நானே வந்து அழிப்பேன். கிளம்புங்க."

டீச்சர் முதலில் போனார். தலைமையாசிரியர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் எழுந்து வழியனுப்பவில்லை.

விருது அவர்களுக்கே கிடைத்தது. தெருவில் புது பேனர் ஏறியது. 'சமூகத்தோடு கைகோத்த பள்ளி.' எல்லாம் முடிந்து தம்பி ஊருக்குத் திரும்பிய பிறகு, வாடகைக்கு எடுத்திருந்த நோயாளிக் கட்டிலைத் திருப்பி எடுத்துப்போக ஒரு சிறிய வண்டி வந்தது. ஓட்டுனர் ஒருவரே. கட்டிலைப் பிரித்து, "ஒரு கை பிடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். கால்பக்கத்தை அவள் பிடித்தாள். வாசலில் திருப்பும்போது இரும்பு நிலைப்படியில் உரசியது. "மெதுவா, மெதுவா" என்றார் ஓட்டுனர், உள்ளே யாரோ படுத்திருப்பது போல.

கட்டிலை ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபோது வண்டி நகர வழியில்லை. அன்று பள்ளியில் நிதி வழங்கும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். வண்டியின் மூக்குக்கு நேரே, குறுக்காக, ஒரு நீளமான கறுப்புக் கார். உள்ளே யாரும் இல்லை. பள்ளிக்குள் யாரோ பேச, கைதட்டல் எழுந்து எழுந்து அடங்கியது.

ஓட்டுனர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். அணைத்தார். பள்ளியின் மதில்சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தது: 'பள்ளி வளாகம். ஹாரன் அடிக்காதீர்.'

"விழா முடியட்டும்மா. காத்திருக்கறேன்" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டாள். ஓட்டுனர் புரியாமல் சற்று ஒதுங்கினார். ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பள்ளியின் மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் தெரிந்தன. வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்தான். அவளைக் கண்டதும் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டான்.

அவள் கையை எடுக்கவில்லை.