இருநூற்றுப் பதினாலாம் கட்டில்

மரியசெல்வம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாள் முதல், 'சாகரமாலினி'யின் சரித்திரத்தைக் கேட்காமல் எங்களுக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. பட்டாளத்தை ஏற்றிச் செல்லும் கப்பல் அது. அந்தமானுக்கு எத்தனை நடை போனது, புயலுக்கு எங்கே அரிசி கொண்டுபோனது, தொண்ணூறில் அண்டைத் தீவிலிருந்து சண்டை முடிந்த நானூறு சிப்பாய்களைத் திருப்பிக் கொண்டுவந்தது, கடைசியில் குஜராத்தில் பழைய இரும்புக்கு உடைபட்டது என எல்லாவற்றையும் ஒப்பிப்பார். அவர் தலை தெரிந்தாலே என் வீட்டுக்காரர் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

தொண்ணூற்றொன்பதில் சௌகத் அலி பாய் தோல் அடுக்கிவைத்திருந்த தன் பழைய கிட்டங்கியை லாட்ஜ் ஆக்கினார். உடைத்த கப்பல் ஒன்றின் இரும்புக் கட்டில்கள் பத்து வந்து இறங்கின. கால் வைத்து வெல்டிங் செய்து போட்டார். ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

ஒரே மாதத்தில் புகார். 214 மட்டும் பகலிலேயே நனைந்து கிடக்கிறதாம். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் கட்டில் நனைகிறது என்றால் யார் நம்புவார்கள்? காய்ந்ததும் விரிப்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு. தோலுக்கு உப்புப் போட்டே பிழைத்த ஊர் இது, எங்களுக்குக் கடலா ஞாபகம் வரும்?

"கிட்டங்கிச் செவுத்து உப்பு பூக்குது" என்று பாய் இரண்டு தடவை சுவரைக் கொத்திப் பூசினார். கட்டிலை மாடிக்கு மாற்றினார். ஈரமும் மாடி ஏறியது.

நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனவள். தலைமாட்டில் 'சாகரமாலினி' என்ற பெயரை வாசித்ததும், பெருமைப்படுவாரே என்று மரியசெல்வத்தை இழுத்துப்போனேன். அவர் எண்ணைப் பார்த்தார். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது செவுத்து உப்பு இல்ல தங்கச்சி."

"பின்ன?"

"கடல் உப்பு. தொண்ணூறுல சிப்பாய்ங்களத் திருப்பிக் கொண்டாந்த நடையில எறங்குறவங்கள எண்ணுனது நான். ஒரு ஆளு கொறஞ்சுச்சு. வெளியே பேண்டு, மாலை, மரியாதை. மறுபடி எண்ணணும்னா எல்லாரும் வைவாங்களேன்னு, வராதவனுக்கும் டிக் அடிச்சுட்டேன். கட்டிலு நம்பர் இருநூத்திப் பதினாலு. ராமர், செம்பட்டி."

செம்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். கரை இறங்கியதும் பட்டாளத்தை விட்டு ஓடியவன் என்று ராமருக்குக் காகிதம் வந்ததும், அவன் தாய் சோலையம்மாளை ஊர் குத்திக்காட்டியதும் தெரிந்த கதைதான். நானே நாலு பேரிடம் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

"இப்பச் சொன்னா பென்ஷன் போயிருமேண்ணே."

"கடல்ல விழுந்தவன நான் தேடவிடல தங்கச்சி. போகட்டும்."

மறுநாள் செம்பட்டி பஸ் ஏறினோம். சோலையம்மாள் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டும் கை நிற்கவில்லை.

"அப்ப எம்மவன் ஓடிப்போகல?"

"இல்லாத்தா. எறங்கவே இல்ல."

"அத எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினார். என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கலன்னா இன்னும் அதுலதான இருக்கான்? அந்தக் கட்டிலு எங்கன கெடக்கு?"

அவளையும் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தோம். "கொண்டு போங்கம்மா" என்று பாய் டெம்போவும் பிடித்துக் கொடுத்தார். மாடிக்கு இரண்டு பேர் தூக்கிப்போன கட்டிலை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. "வெறுங்கட்டிலா இம்புட்டுக் கனம்?" என்றான் ஒரு சுமைக்காரன்.

சோலையம்மாள் டெம்போவில் ஏறி, ஓர் ஆள் படுக்கும் இடம் விட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். சேலை நனைந்தது. பிழியவில்லை.

"பள்ளம் பாத்து மெதுவாப் போப்பா" என்றாள் டிரைவரிடம்.