பூட்டுக்கு வைத்த அழைப்பு

காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். எண்பத்து நாலு தை மாதம் அந்த மடி அரியலூரில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பஞ்சவர்ணத்துக்கு அதனால் சோறு இறங்கவில்லை என்று பேச்சு. மறுசோறு வாங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு அண்ணன் அரியமுத்து வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டு. குடும்பமே பெரம்பலூருக்குப் படம் பார்க்கப் போயிருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பூட்டைப் பார்த்தே முறைப்படி அழைத்தாள். அண்ணனுக்கு ஒரு தரம், அண்ணிக்குத் தனியாக ஒரு தரம். வாசற்படியில் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

செவ்வாயன்று சேதி வந்தது: அழைக்காத வீட்டுக்கு அரியமுத்து வரமாட்டானாம். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய் நின்றாள்.

"பூட்டு முன்னாடி நின்னு வாய்விட்டு அழச்சேண்ணே."

"எங்காதுல விழல. காதுல விழாதது அழைப்பா?"

"நீ வூட்ல தூங்கறப்ப உங்க ஃபேக்டரில சிமெண்ட் அரைபடாமயா கெடக்கு?"

"காலைல போனா மூட்டை அடுக்கியிருக்குது. உன் அழைப்புக்கு மூட்டை எங்க?"

"வெத்தல வச்சேனே."

"இங்க ஒண்ணுமில்ல."

"ஆடு தின்னிருக்கும்."

"அப்ப ஆட்டத்தான் அழச்சிருக்க. அது மடியிலயே புள்ளய உக்கார வையி."

"இப்ப ஒரு தரம் கூப்புட்டுட்டா முடிஞ்சு போச்சு" என்றாள் அண்ணி அம்சவள்ளி.

பஞ்சவர்ணத்துக்கு அதுதான் முடியவில்லை. இப்போது அழைத்தால், ஞாயிற்றுக்கிழமை அழைக்கவில்லை என்று ஆகிவிடும். அழைக்காவிட்டால், வெள்ளிக்கிழமை மகள் வேம்பு யார் மடியில் உட்காருவாள்?

அம்சவள்ளி முறத்தைக் கீழே வைத்தாள். "கூப்புட வேணாம். அன்னிக்கு எப்படிச் சொன்னேன்னு காட்டு, போதும்."

காட்டுவதில் என்ன குறைச்சல். பஞ்சவர்ணம் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை வேம்புக்குக் காது குத்து. வந்துருங்க. அண்ணி, நீங்களும் புள்ளைங்கள அழச்சுக்கிட்டு வந்துருங்க."

உள்ளேயிருந்து அரியமுத்துவின் குரல் வந்தது.

"பூட்டுகிட்ட நேரம் சொன்னியா?"

"ஒம்போது மணின்னு சொன்னேன்."

"அப்ப ஏழு மணி பஸ்ஸ புடிக்கணும்" என்றான், பெண்டாட்டியிடம் சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமை வேம்பு அவன் மடியில் உட்கார்ந்து, ஊர் கேட்க அழுதாள். எப்போது அழைத்தார்கள் என்று பந்தியில் கேட்டதற்கு அவன் புதன் என்றான், அவள் ஞாயிறு என்றாள். கறி நன்றாக வெந்திருந்ததால் யாரும் பஞ்சாயத்துக்கு எழுந்திருக்கவில்லை.