எலுமிச்சையில் வெந்த மீன்

பூன்தாமுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பச்சை மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப்பொடியும் போட்டுப் பிசைந்தால் மீன் வெளுத்துவிடும். வெளுத்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பின் வேலையை எலுமிச்சை செய்துவிடுகிறது. அறுபத்தெட்டு வயதுவரை அப்படித்தான் தின்றிருக்கிறார்.

சுகாதாரத் தொண்டர் சோம்ஜித் பக்கத்துத் தெருக்காரி. ஒரு நாள் இரண்டு சின்ன டப்பாக்களை நீட்டினாள்.

“பெரியப்பா, நாளைக்குக் காலையில நீங்களும் பெரியம்மாவும் இதுல கொஞ்சம் மலம் எடுத்து வையுங்க. பச்சை மீன்ல இருக்கிற புழு ஈரல்ல போய் உக்காந்துக்குது. வருசக்கணக்கா கெடந்தா புத்துநோய்ல கொண்டு விட்ரும்.”

“எலுமிச்சை பிழிஞ்சா புழு செத்துரும். மேல ரெண்டு மடக்கு சாராயம் போனா மிச்சமும் காலி.”

“சாகாது பெரியப்பா. அடுப்புல வெந்தாத்தான் சாகும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி லம்யாய் குரல் கொடுத்தாள். “புழு முட்டை இருக்குன்னு வரட்டும். அப்புறம் இந்த வீட்ல வெந்த மீனுதான். பச்சையா வேணும்னா வயல்ல போய் கொக்கோட நில்லுய்யா.”

லம்யாய் வெந்ததைத் தவிர எதையும் தொடமாட்டாள். ஊருக்கே தெரியும். புத்த விகாரை விருந்தில்கூடத் தனியாகச் சுட்ட மீன் கேட்டு வாங்குவாள். பூன்தாம் இரவெல்லாம் யோசித்தார். டப்பாவின் மூடியில்தான் பெயர் ஒட்டியிருந்தது. காலையில் இரண்டு மூடிகளையும் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து சோம்ஜித் தாளும் மாத்திரையுமாக வந்தாள்.

“பெரியம்மாவுக்கு ஒண்ணுமில்ல. பெரியப்பாவுக்குத்தான் புழு முட்டை. எக்கச்சக்கம்.”

“நான் சொல்லல?” என்று லம்யாய் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

பூன்தாம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முட்டை அவளுடையது. வாயை மூடிக்கொண்டிருந்தால் புழு அவள் ஈரலிலேயே கிடக்கும்.

“மூடிய மாத்திட்டேன். அது லம்யாயோடது.”

சோம்ஜித் சிரித்தாள். லம்யாய் சிரிக்கவில்லை.

“பச்சை மீனுக்காகப் பொண்டாட்டி மேலயே புழுவ ஏத்துறியா? வெக்கமா இல்ல?”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“பெரியப்பா, இந்த மாதிரி கதை ஊர்ல நாலு பேரு சொல்லிட்டாங்க” என்றாள் சோம்ஜித்.

பூன்தாம் மாத்திரையை லம்யாயிடம் நீட்டினார். “சரி. பச்சை மீன விட்டுட்டேன். இன்னிக்கே. இனி சாகுறவரைக்கும் தொடமாட்டேன். நீ மாத்திரைய முழுங்கு.”

லம்யாய் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சாராயத்தை விடுவதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். மீனை விடுவதாக ஒருமுறையும் சொன்னதில்லை.

“பிசையும்போது உப்பு பாப்பேன்” என்றாள் கடைசியில்.

“எத்தனை நாளா?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து.”

“எவ்வளவு பாப்பே?”

“ஒரு கிண்ணம்.”

சோம்ஜித் தாளில் எழுதியிருந்ததை அடித்தாள். “ஒருதரம் முட்டை தெரியலேன்னா புழு இல்லேன்னு ஆகாது பெரியப்பா. மறுபடி பாக்கணும். ரெண்டு பேரும் சுகாதார நிலையத்துக்கு வாங்க, இனிமே நர்ஸ் முன்னாலதான் முழுங்கணும்.”

போய் வந்தார்கள். மத்தியானம் இருவரும் வெந்த மீனைத் தின்றார்கள். நன்றாக இல்லை. இருவருமே அதைச் சொல்லவில்லை.