ஒன்றாம் நம்பர் ஷட்டர்

"அக்கா, வந்துடுச்சு! ஓடி வா!"

தம்பி போனில் கத்திய கத்தலில் இன்ஜினியரம்மாவின் கையிலிருந்த டீ மேசையில் பாதி, மடியில் பாதி என்று கொட்டியது. துடைக்கக்கூட நிற்காமல் கண்ட்ரோல் ரூமைவிட்டு அணைப் பாலத்துக்கு ஓடினாள்.

தம்பிக்கு மீன் ஆராய்ச்சி வேலை. கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் ஒரு வெள்ளி நிற மீன், உலகத்திலேயே இந்த ஆற்றில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதன் பின்னால்தான் பையன் அலைகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, "மீன் மேல ஏறட்டும், பாக்கலாம்" என்பான். ஏறுவதற்கு வழியும் இருந்தது. அணையின் இடது ஓரத்தில் தொட்டிக்கு மேல் தொட்டியாக மீனுக்கென்றே ஒரு படிக்கட்டு. கட்டி முடித்து ரிப்பன் வெட்டிப் போட்டோவெல்லாம் எடுத்தார்கள். இதுவரை ஒரு மீனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பாலத்திலிருந்து குனிந்து பார்த்தாள். நடுவிலிருந்த நாலாம் நம்பர் ஷட்டரின் அடியில் தண்ணீர் சீறிப் பாய, அதை எதிர்த்து மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. அத்தனையும் முழங்கை நீளம். இரும்பில் மோதிய சத்தம் மேலே வரை கேட்டது.

"மூடுக்கா! தண்ணி எங்க வேகமா வருதோ அங்கதான் போய் முட்டும். வயிறு நிறைய முட்டை. சாயங்காலத்துக்குள்ள ஏறலன்னா இங்கேயே கொட்டிட்டுச் செத்துடும். வருஷா வருஷம் இப்படித்தான் குறைஞ்சுது, இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் இந்த மீனே கிடையாது."

"மூடிட்டா வாய்க்காலுக்கு என்ன போகும், உன் கண்ணீரா? கதிர் பிடிக்கிற நேரம்டா. கீழ அத்தனை வயலும் இந்தத் தண்ணியத்தான் நம்பியிருக்கு."

"ரெண்டு மணி நேரம்தான்!"

"ரெண்டு நிமிஷம்கூட முடியாது."

சொல்லிவிட்டாளே தவிர, தம்பியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஆற்றைப் பார்த்தாள். நடுவில் தண்ணீரும் மீனும் ஒரே ரகளை. இடது ஓரத்தில், மூடிக் கிடந்த ஒன்றாம் ஷட்டரின் பக்கத்தில், படிக்கட்டு மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"டேய், படிக்கட்டை எதுக்கு ஒன்னாம் ஷட்டர் பக்கத்துல கட்டினாங்க?"

"அதுல வர்ற தண்ணியத் தேடி மீன் அங்க வரும்னுதான். ஆனா அது ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓடாதுன்னு யாரு சொன்னா? சத்தம் போடும்னு சொன்னோம்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "நாலாம் நம்பர் தங்கமான பிள்ளை, பட்டனைத் தொட்டா போதும். ஒன்னாம் நம்பர் ஊரையே கூட்டும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று முதல் வாய்க்காலுக்குப் போகிற தண்ணீர் அத்தனையும் தங்கப் பிள்ளை வழியாகத்தான் போனது. எந்தக் கதவில் விட்டாலும் கீழே ஒன்றாகச் சேர்ந்து வாய்க்காலுக்குப் போவது அதே தண்ணீர்தான் என்பது இன்ஜினியரம்மாவுக்குத் தெரியாதா என்ன? யோசிக்கத்தான் தோன்றவில்லை.

"ஆபரேட்டர் அண்ணே!" என்று கூவினாள். "நான் ஒன்னை ஏத்த ஏத்த, நீங்க நாலை அதே அளவுக்கு இறக்குங்க. கீழ மட்டம் குறையக் கூடாது!"

ஆபரேட்டர் பேயைப் பார்த்ததுபோல் விழித்தார். "ஒன்னாம் நம்பருக்கு மோட்டார் செத்துப் பல நாளாச்சும்மா."

"கை இருக்குல்ல?"

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். ஒன்றாம் நம்பர் போட்ட ஓலத்தில் பாலத்துப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. ஒரு சாண் ஏறியது. தம்பி ஹோவென்று கத்தினான். அதோடு சரி, கதவு மாட்டிக்கொண்டது. அங்கே ஆபரேட்டர் சொன்ன சொல் தவறாமல் நாலை இறக்கிக்கொண்டிருந்தார்.

"மட்டம் குறையுதும்மா!" அவர் அங்கிருந்தே கத்தினார். "திரும்பத் தூக்கிடவா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது, சக்கரத்தை மட்டும் விடவில்லை.

"அங்கேயே நிறுத்துங்க, தூக்காதீங்க! டேய், இதை இறக்கு."

"ஏத்தணும்னு சொல்லிட்டு இறக்கச் சொல்றியே?"

"அடியில வண்டல் அடைச்சிருக்கு. கொஞ்சம் இறக்கி ஏத்துனா தண்ணியே அரிச்சுத் தள்ளிடும். சுத்துடா!"

இறக்கினார்கள், ஏற்றினார்கள். மறுபடி இறக்கி மறுபடி ஏற்றினார்கள். மூன்றாம் முறை அடியிலிருந்து கறுப்பாக ஒரு குமுறல் கிளம்பியது. பின்னாலேயே தண்ணீர் வெள்ளைவெளேரென்று பாய்ந்தது. சக்கரம் வெண்ணெய்போல் சுற்றியது.

"மட்டம் ஏறுது! பழைய இடத்துக்கே வந்துடுச்சு!" என்று ஆபரேட்டர் பாலத்திலேயே குதித்தார். நாலாம் ஷட்டர் முழுக்க மூடியது.

மீன்கள் துள்ளுவதை நிறுத்தின. ஒன்றையும் காணோம். தம்பி கம்பியைப் பிடித்தபடி ஏதோ முணுமுணுத்தான். திடீரென்று இடது ஓரத்தில் ஒரு வெள்ளிக்கீற்று. முதல் தொட்டியில் சளாரென்று விழுந்தது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, பிறகு மிச்சமிருந்த கூட்டம் மொத்தமும்! தொட்டிக்குத் தொட்டி தாவி ஏறின. முதலில் போனது உச்சித் தொட்டியில் ஒரு கணம் தயங்கி, அப்படியே மேலாற்றுக்குள் நழுவி மறைந்தது. "போயிடுச்சுக்கா, போயிடுச்சு!" என்று தம்பி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

போன் அடித்தது. வாய்க்கால் சூப்பர்வைசர். மீனுக்காகத் தண்ணீரை நிறுத்தினால் மறியல் செய்வோம் என்று வருஷா வருஷம் தம்பியோடு மல்லுக்கு நிற்கும் மனுஷன்.

"நடுவுல கொஞ்சம் குறைஞ்சு, உடனே சரியாயிடுச்சேம்மா. என்ன விஷயம்?"

"மீன் ஏறிட்டிருக்கு அண்ணே."

"அப்படின்னா எங்க தண்ணி?"

"உங்க தண்ணி ஒரு சொட்டு குறையாது. இனிமேலும் குறையாது. ஒன்னாம் ஷட்டர்ல விட்டிருக்கேன், அவ்வளவுதான்."



"இவ்வளவுதானா? அப்ப இத்தனை வருஷம் நாம எதுக்கும்மா அடிச்சுக்கிட்டோம்?"

அவள் படிக்கட்டைப் பார்த்தாள். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"நாலாம் ஷட்டர் சத்தம் போடாது அண்ணே," என்றாள். "அதுக்குத்தான்."