விட்டுப்போன ஏழு பேர்

திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். 2009 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கெங்கம்மாள் என்ற மீன் விற்கிற அம்மா தன் மகள் அம்பிகாவோடு படியேறி வந்தார். ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்சிங் கல்லூரியில் இலவச சீட்டுக்கு அம்பிகா மனுப் போட்டிருந்தாள். அவளைவிட நூறு மார்க் குறைவாக வாங்கியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், இவள் இல்லை. சாயங்காலம் ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. டிரஸ்டுக்காகப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தது எங்கள் ஆபீஸ், நான் எழுதிய புரோகிராம்.

"டைப்பிங்ல வுட்டுப் போயிருக்கும் சார்" என்று முதலாளி கோதண்டபாணியிடம் சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல, நாக்கு முந்திக்கொண்டது. டைப் அடித்தது புனிதா. முதலாளி அவளைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அவள் பைலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நான் ஏத்தியிருக்கேன் சார். பாருங்க, கீது."

இருந்தது. அது எக்ஸ்எம்எல் பைல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் பெயர், மார்க், அப்பா பெயர் என்று லேபிள் ஒட்டிய சின்ன டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் புரோகிராம் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்து இனிஷியலாகப் போடும். அம்பிகாவின் அப்பா டப்பா காலி. எடுக்க எழுத்தில்லாமல் அது தடுமாறியிருக்கிறது. தடுமாறினால் சத்தம் போடாமல் அடுத்த பிள்ளைக்குப் போ என்று எழுதி வைத்த மகராசனும் நான்தான். புனிதாவின் கம்ப்யூட்டரிலேயே தேடிப் பார்த்தேன். இப்படி ஏழு பேர். செத்துப்போன அப்பாவுக்குக்கூடப் பெயர் இருந்தது. பெற்றவன் பெயரை எழுதப் பிடிக்காமல் விட்ட ஏழு வீட்டுப் பிள்ளைகள்தான் பட்டியலிலிருந்து விழுந்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க நான் போட்ட பத்துப் பெயரும் என் சிநேகிதர்களுடையவை. அப்பா பெயர் இல்லாமல் ஒரு பிள்ளை மனுப் போடும் என்று என் புத்தியில் உறைக்கவே இல்லை. 

முதலாளியை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். வெளியில் தெரிந்தால் டிரஸ்ட் தரும் அடுத்த வருஷ வேலை போய்விடும், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். பிறகு கெங்கம்மாளிடம் போய், மனுவை முழுசாக நிரப்பவில்லை, அதனால்தான் தள்ளிவிட்டார்கள் என்றார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். படித்தவன் ஆட்டுகிற தலை, அந்த அம்மா நம்பிவிட்டார்.

"அந்தாளு வுட்டுட்டுப் போயி பதினாலு வருசம் ஆவுதுங்க. அவன் பேரு எதுக்குன்னு நாந்தான் எழுத வாணான்னேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போட்டிருந்தா வந்திருக்குங்களா சார்?"

"வந்திருக்கும்மா." அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கையில் வைத்திருந்த மனு நகலை என் முன்னால் நீட்டினார். "அப்போ நீங்களே எழுதிடுங்க. எதுனா ஒரு ஆம்பள பேரு. புள்ள படிச்சா போதும்."

அம்பிகா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இனிமேல் எழுதி ஒன்றும் ஆகாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அவருக்குப் பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. புனிதா ஒரு தாளை உருவிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கினாள்.

"எங்க போற?" என்றார் முதலாளி. அவள் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள்.

ஜன்னலுக்குப் போனேன். கீழே மூட்டை ஏற்றும் லாரிக்குப் பக்கத்தில், வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, தாளில் விரல் வைத்து, விட்டுப்போன ஏழு பேரின் வரிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள் புனிதா. அம்பிகா குனிந்து படித்தாள். கெங்கம்மாள் ஏதோ கேட்டார். புனிதா மெதுவாக நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். அவள் பார்த்த திசையில் மற்ற இருவரும் பார்த்தார்கள்.