பிஷப்புக்கு உயிரோடு ஓர் எலி

எழுந்ததும் கெட்டிலைப் போடுவேன். ரொட்டியை வாட்ட வைப்பேன். அதற்குள் முன்னறைக்குப் போய் பிஷப்பின் கண்ணாடிப் பெட்டியில் வெப்பமானியைப் பார்ப்பேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவேன். பாம்பு இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் மாறியிருக்காது. ரொட்டியை நின்றுகொண்டே தின்பேன். கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போவேன்.

பிஷப் ஆண் மலைப்பாம்பு. என் மனைவி மெரினுடையது. மே மாதக் கடைசியில் மருத்துவமனைக்குப் போகும் முன் பெட்டியின் சூட்டை அவளே குறைத்துவைத்தாள். இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் அது தீனியைத் தொடாது. தொந்தரவு செய்யாமல் விட்டால் செப்டம்பரில் தானாகத் தலையைத் தூக்கும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். ஜூனில் மெரின் இறந்தாள். சூட்டை நான் மாற்றவில்லை. செப்டம்பர் வரை பிஷப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் எதையும் நான் யோசிக்கவில்லை. அவளுடையது என்று இந்த வீட்டில் மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா லோரெயின் வருவார். கூடவே இறைச்சி வைத்துச் சுட்ட ஏதாவது ஓர் அப்பம், அலுமினியத் தாளில் சுற்றி; அதை உறைபெட்டியில் வைத்துவிடுவேன். பெட்டிமுன் உட்கார்ந்து அழுவார். பாம்பு மகளைத் தேடி ஏங்கிச் சாகிறது என்பார். பாம்புக்கு ஏக்கம் கிடையாது என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

மெரினின் தம்பி ஜாரட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறான். ஷிப்ட் முடிந்து ஊருக்கு வரும் வாரங்களில் என் சோபாவில்தான் படுப்பான். நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஜூலை நடுவில் வந்தபோது உறைபெட்டியைத் திறந்து, பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே பிஷப்புக்காக உறையவைத்திருந்த செத்த எலிகளை எடுத்துப் பார்த்தான். வெள்ளை எலிகள், பத்துப் பத்தாக, பிளாஸ்டிக் பையில்.

“இதையா அது திங்கும்? நீயும் ஐஸ்ல வச்சதத்தான் திங்குற. ரெண்டு பேரும் நல்ல ஜோடி மச்சான்.”

குளிர்காலம், ஆண் பாம்பு, சூடு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டான். பிறகு, காட்டில் பாம்புக்கு யாரும் எலியை வெந்நீரில் போட்டு இடுக்கியால் ஊட்டுவதில்லை என்றான். துடிக்கிற ஒன்று எதிரே ஓடினால்தான் அதற்குப் பசி எழும்பும், வேட்டையாடுகிற பிராணியை நோயாளி மாதிரி நடத்தினால் நோயாளிதான் ஆகும் என்றான். இதே சண்டையை அவன் மெரினோடு பலமுறை போட்டிருக்கிறான். எலிக்கும் பல் இருக்கிறது என்பாள் அவள். காட்டில் இரண்டுக்கும் ஓட இடமுண்டு, ஓட இடமில்லாத பெட்டிக்குள் உயிரோடு ஒன்றைப் போட்டுவிட்டு அதை இயற்கை என்று சொல்லாதே என்பாள். அவள் சொன்னதை நான் அவனிடம் திரும்பச் சொன்னேன். என் வாயில் அது பாடப்புத்தகம் மாதிரி ஒலித்தது.

“நீ பட்டினி போட்டா ஓய்வு, நான் சோறு போட்டா கொடுமையா? படிச்சவன் கணக்கே தனி.”

“செப்டம்பர் வரைக்கும் விட்டுரு, ஜாரட்.”

“கடைசியா எங்கிட்டதான் சொன்னா, பிஷப்ப பாத்துக்கோடான்னு. ஒங்கிட்ட இல்ல.”

சவ அடக்கத்தன்று தேநீர்க் கோப்பையோடு நின்று எல்லாரிடமும் இதையே சொன்னான். லோரெயின் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மெரினின் உயிர் போகும்போது அறையில் இருந்தவன் நான் மட்டும். அன்றும் நான் மறுக்கவில்லை. இப்போதும் மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வேலையாக பிரிஸ்பேன் போய் ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. ஜாரட் வீட்டில் இருந்தான். தண்ணீர் மட்டும் மாற்று, வேறு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனேன். தலையாட்டினான்.

ஞாயிறு மதியம் திரும்பினேன். அவன் முன்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் பிஷப் சுருண்டு கிடந்தது. அதன் மேல் ஒரு பழுப்பு எலி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பாம்பின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பிஷப் நாக்கை நீட்டி உள்ளே இழுத்தது. உயிர் இருந்தது.

செல்லப் பிராணிக் கடையில் வாங்கியிருக்கிறான். தீனிக்கு என்றால் தரமாட்டார்கள் என்று, அக்கா மகளுக்கு வளர்க்க என்று சொல்லியிருக்கிறான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடைப்பெண் எலிக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு பொட்டலம் எலித்தீனியை இலவசமாகக் கொடுத்தாளாம். அது அவன் வண்டியிலேயே கிடந்தது. பாம்பு ராத்திரி விழுங்கிவிடும் என்று எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்.

எலியை வாளியில் போட்டு மூடினேன். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாம்பைத் தலையணை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு அவசரக் கால்நடை மருத்துவரிடம் போனோம். ஜாரட் அதை மடியில் வைத்திருந்தான்.

மருத்துவர் இளம்பெண். பெட்டியில் என்ன சூடு என்று கேட்டார், சொன்னேன். அந்தச் சூட்டில் பாம்பால் எலியைக் கொல்லவும் முடியாது, விலகிப் போகவும் முடியாது என்றார். எலிக்கு வேறு தீனி இருந்ததா என்று கேட்டார். ஜாரட் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தான். முதுகெலும்புவரை போய்விட்டது, ஊசி போட்டு உயிரை முடித்துவிடுவதுதான் நல்லது என்றார். உரிமையாளர் கையெழுத்து போட வேண்டும் என்றார். நான் போட்டேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் காற்று கத்தி மாதிரி வீசியது. காலித் தலையணை உறையை ஜாரட் நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல மச்சான்,” என்றான். “போன் அடிச்சா. நான் ஷிப்ட மாத்திக் கேட்டிருக்கலாம். கேக்கல. இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சேன்.”

தெரியும் என்றேன்.

“தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த?”

உன் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது என்றேன். அது உண்மையில் பாதி. அவனுக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் விட்டிருந்தேன். அப்படி எதையும் இனி அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை என்பது அங்கே நிற்கும்போது தெரிந்தது.

“கடைசியா என்னதான் சொன்னா?” என்று கேட்டான். “என்னப் பத்தி ஏதாச்சும்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வலி தெரியாமல் தூங்கினாள் என்றால் நம்பியிருப்பான். அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாயங்காலம் கதவு திறந்தது, மருந்து மாற்ற நர்ஸ் வந்தாள், மெரின் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னிடம் கேட்டாள்:

“ஜாரட் இன்னும் வரலையா?”