பாதிப் படம்

ஒரு ஓவியத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. மைசூரில் பூங்குழலி வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையும் வடிவமைப்புத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து எடுத்த திட்டம் அது. நகரப் பேருந்து நிலையத்தின் காலை நேரத்தை ஒரு சுவரை அடைத்து அவள் வரைந்திருந்தாள். பூக்கூடைக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள், சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கும் ஒருவர் என்று படம் முழுக்க ஆட்கள். பார்க்க வருகிறவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன கேமராக்கள் பொருத்திய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும். படத்தின் மீது கண் அலையும் வழியைப் பக்கத்துத் திரையில் ஒரே நீலக் கோடாக மென்பொருள் வரைந்துகொண்டே போகும். அதை எழுதியவர் கணினித் துறை பசவராஜ். தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகாலில் வளர்ந்தவர் என்பதால் அவளோடு தமிழிலேயே பேசுவார்.

அந்தச் சனிக்கிழமை ஆராய்ச்சிக் குழுவினரின் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். பூங்குழலியின் கணவன் மனோஜ்குமாருக்கு நஞ்சன்கூடு தொழிற்சாலையில் வேலை. அன்று விடுமுறை. அவளை பைக்கில் கூட்டிக்கொண்டு அவனே வந்திருந்தான்.

"படத்துல உங்களையும் வரஞ்சிருக்கேன். எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்று சொல்லி அவனை உட்கார வைத்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் உற்சாகமாகப் பார்க்கத் தொடங்கினான். திரையில் கோடு ஓடியது. பூக்கூடைக்குப் போனது, கண்டக்டருக்குப் போனது, மறுபடி பூக்கூடைக்கே வந்தது. கொஞ்ச நேரத்தில் திரையின் வலது பாதி நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிட்டது. இடது பாதி வெள்ளையாகவே கிடந்தது.

"மெஷின் தகராறு பண்ணுது" என்றார் பசவராஜ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பூங்குழலியை மாட்டிப் பார்க்கச் சொன்னார். அவளுடைய கோடு படத்தின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றி வந்தது. திரும்பவும் மனோஜுக்கு மாட்டினார்கள். திரும்பவும் வலது பாதி மட்டும்தான்.

"எங்க என்னை வரஞ்சே? முழுசாப் பார்த்துட்டேன். நான் இல்லவே இல்லையே" என்றான் மனோஜ்.

"வெளையாடாதீங்க."

"சத்தியமா இல்ல குழலி. வேற யாரோ நிக்கறாங்க. பூக்காரம்மா, கண்டக்டரு, ஒரு குடைக்காரர்... அவ்வளவுதான் படம்."

படத்தின் இடது ஓரத்தில், சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு அவன் நின்றிருந்தான். அறைக்குள் நுழைகிற யாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

பூங்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓசைப்படாமல் நடந்து அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வலப்பக்கம் நின்ற பசவராஜிடம் திரும்பினான்.

"குழலி எங்க சார் போனா? இப்பத்தானே இங்க நின்னா?"

பசவராஜ் அவளைப் பார்த்தார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதாங்க இருக்கேன்."

குரல் வந்த பக்கம் திரும்பியவன் திடுக்கிட்டான். "எப்ப வந்தே?"

அந்த நொடியில் அவளுக்குப் பல விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தட்டின் இடது பக்கம் வைத்த பொரியல் சில மாதங்களாக அப்படியே மிஞ்சியது. இடது கன்னத்தில் சவரம் செய்யாமல் விட்ட முடி. அன்று காலை வரும் வழியில் இடப்பக்க நிறுத்தத்திலிருந்து கிளம்பிய பேருந்து, அவள் கத்திய பிறகே அவன் பிடித்த பிரேக். 'எங்கிருந்துதான் வந்துச்சோ' என்று அவன் சொன்னபோது அவளும் சேர்ந்து பேருந்து டிரைவரைத்தான் திட்டியிருந்தாள். தினமும் நஞ்சன்கூடு சாலையில் போய் வருகிறவன்.

பைக் சாவியை அவன் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். பசவராஜின் காரில் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் மனோஜ், "எனக்கு ஒண்ணும் இல்ல, கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

ஸ்கேனில் மூளையின் வலது பின்பகுதியில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தெரிந்தது. "மெதுவா வளர்ந்திருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மெல்ல மெல்ல விட்டுடுச்சு. அதனால எதையோ தொலைச்ச உணர்வே அவருக்கு வரலை" என்றார் டாக்டர். மனோஜ் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்து, "உன்னைப் பின்னாடி உட்கார வெச்சுல்ல ஓட்டிட்டு வந்தேன்" என்றான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்த அன்று பசவராஜ் வார்டுக்கு வந்தார். நல்ல சேதி கேட்டும் அவர் உட்காரவில்லை. பூங்குழலியைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன் குழலி. இதே மாதிரி ஒரு பக்கமாவே ஓடின கோடு இன்னும் ரெண்டு இருந்துச்சு."

"யாரோடது?"

"தெரியாது. மெஷின் சரியில்ல, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டோம். பிழைன்னு கணக்குலருந்தும் தூக்கிட்டோம். யாரோட பேரையும் வெச்சுக்க மாட்டோம்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தோம்? வெச்சுக்கலை."

கணவனுக்கு நடந்ததைத் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டு பேரும் இந்த ஊரில் எங்கேயோ சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள். வண்டியும் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

மறுநாளே பல்கலைக்கழக வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைத்தார்கள். செய்தித்தாள்களுக்கும் கொடுத்தார்கள். ஓவியம் பார்க்க வந்து, இயந்திரக் கோளாறு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உடனே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பயந்துபோய் யார் யாரோ வந்தார்கள். வந்த எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் மனிஷா என்ற கல்லூரி மாணவி, தன்னை அப்படி அனுப்பியது நினைவிருப்பதாகச் சொன்னாள். கழுத்துச் சுளுக்கோடு அன்று ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாளாம். இப்போது அவள் கோடு படம் முழுவதும் ஓடியது. பூங்குழலி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று மனிஷாவுக்குப் புரியவில்லை.

இன்னொருவர் வரவில்லை.

மனோஜ் இப்போது தொழிற்சாலை வேனில்தான் வேலைக்குப் போகிறான். இழந்த பார்வை முழுவதும் திரும்பவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிவருகிறான். அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பியதும் அவன் கேட்பது ஒன்றுதான்.

"வந்தாங்களா?"

"இல்லைங்க."

ஒருநாள் அவன் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நான் போய் நின்னு கூப்பிடறேன் குழலி. பேப்பர்ல படிச்சா, நமக்கு இல்லைன்னுதான் நினைப்பாங்க. நானும் அப்படித்தானே நினைச்சேன்?"

அடுத்த ஞாயிறு காலை இருவரும் நகரப் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். அறிவிப்புத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பேச ஆரம்பித்தான்.